முகப்பை மட்டும் வரையும் பிள்ளைகள்

கல்லூரிகளில் ஓவியப் போட்டி என்றால் நடுவராகத் தமிழாசிரியரை அழைக்கும் வழக்கம் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. படம் வரையத் தெரியாவிட்டாலும் தலைப்பு வைக்கத் தெரிந்தவர்கள் என்னும் நம்பிக்கை காரணமாக இருக்கலாம். தலைப்புகளும் ஆண்டாண்டாக மாறாதவை: தேசிய ஒருமைப்பாடு, நெகிழி ஒழிப்பு, மரம் வளர்ப்போம், பெண்மையைப் போற்றுவோம். காரைக்குடி வட்டாரத்தில் அண்மைக் காலமாக இந்த வரிசையில் 'நம் செட்டிநாடு, நம் அடையாளம்' என்பதும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் வந்து சேரும் தாள்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். உயர்ந்த முகப்பு, இருபுறமும் தூண்கள், நிலைக்கு மேலே சுதையில் யானைகள் நீர்சொரியும் திருமகள், திண்ணையில் கண்டாங்கி கட்டிய ஆச்சி, வாசலில் ஒரு பழைய கார். வண்ணம் தீட்டுவதில் கைத்திறன் கூடியும் குறைந்தும் இருக்கும். படம் ஒன்றுதான்.

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அத்தகைய வீட்டிற்குள் முகப்பு வழியாக நுழைந்தவர்கள் அல்லர். எம் மாணவர்கள் காளையார்கோவில், இளையான்குடி, மானாமதுரை, திருப்புவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து முதல் பேருந்து பிடித்து வருகிறவர்கள்; பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். 'நம் அடையாளம்' என்று சொன்னதும் அவர்கள் கை தானாகவே பிறர் வீட்டு முகப்பை வரைகிறதே, அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். செட்டிநாட்டு வீடுகளின் பெருமையைக் குறைப்பது எம் நோக்கமன்று. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1940கள் வரை எழுந்த அந்த வீடுகள், முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் கண் ஓடும்படி அமைந்தவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று அவை விரிகிற ஒழுங்கைக் கண்டு வியக்காதவர் எவரும் இலர். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. பெருமைப்பட வேண்டியதே. ஆனால் வீட்டின் பெருமையையும் ஒரு மாணவியின் அனுபவத்தையும் ஒன்றென மயங்குவதில்தான் தவறு நேர்கிறது.

இந்த வீடுகளே ஒரு காலத்தில் படங்களின் பெருங்களஞ்சியமாக இருந்தன என்பதையும் நினைக்க வேண்டும். தஞ்சாவூர்ப் படங்கள், ரவிவர்மா அச்சுப்படங்கள், கடல் கடந்து வந்த கண்ணாடிகள், பீங்கான்கள், பொங்கலன்று பெண்கள் அரிசிமாவைக் குழைத்து இடும் நடுவீட்டுக் கோலம் என்று ஓர் உலகம். பங்குகள் பெருகிப் பராமரிக்க இயலாமல் வீடுகள் பிரிக்கப்பட்டபோது அவற்றில் பல காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அங்கே இன்றும் யாரோ ஒரு குடும்பத்தின் தாத்தாவும் அப்பத்தாவும் சட்டகத்திற்குள் அமர்ந்தபடி விலைக்குக் காத்திருக்கிறார்கள். நட்சத்திர விடுதியின் வரவேற்பறைச் சுவரில் தொங்கப்போகும் அந்த முகங்களைக் காணும்போதெல்லாம், அடையாளம் எவ்வளவு எளிதாக அலங்காரமாகிவிடுகிறது என்று நமக்குத் தோன்றும்.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடிப் பலகையை வைத்து, அதன்மேல் வண்ணச் சிமிட்டிக் குழம்பைப் பூவும் கொடியுமாக ஊற்றி, மேலே உலர்ந்த மணலும் சிமிட்டியும் தூவி, பிறகு கலவை வைத்து அழுத்துவார்கள். சூளை இல்லை, சுடுவதும் இல்லை. நீரில் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பான முகம் வெளிப்படும். வேலை நடக்கும் நேரம் முழுவதும் செய்கிறவர் பார்த்துக்கொண்டிருப்பது கல்லின் முதுகை. அந்த முதுகைப் பற்றி யாரேனும் ஒரு படம் வரைந்திருக்கிறார்களா? எம் கண்ணில் பட்டதில்லை. பூப்போட்ட முகத்தை வரைந்தவை ஏராளம்.

பக்கத்துக் கோட்டையூரில் ஒரு முன்னோடி இருந்தார். ரோஜா முத்தையா என்று தமிழ் ஆய்வுலகம் அறிந்த அந்த மனிதர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். நூல்களோடு நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை என்று பிறர் குப்பையில் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. எது பாதுகாக்கத் தக்கது என்று யாரிடமும் அவர் தலைப்புக் கேட்கவில்லை என்பதே நமக்கு முக்கியம்.

இனி, எம் வகுப்பறைக்கு வருவோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'முடிவுறாத தோம்பு' எனத் தமிழில் சொல்லத்தக்க ஒரு நூலை ஆக்கினார். (ஈழத்து எழுத்தில் 'காண்பியக்கலை' என்னும் அழகான சொல் வழங்குகிறது. நாம் இன்னும் 'டிராயிங்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீடிழந்து இடம்பெயர்ந்த எண்பது பேரிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார் சனாதனன். அவர்கள் வரைந்த தடுமாறும் கோடுகள் ஒரு தாளில். அதையே கட்டடக்கலைஞர் அளவாகத் திருத்தி வரைந்தது இன்னொரு தாளில். அந்த நினைவுக்கு ஓவியரின் எதிர்வினை மற்றொன்றில். வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியர் அல்லர். கிணற்றையும் மாமரத்தையும் வீட்டைவிடப் பெரிதாக வரைந்தவர்களும் உண்டெனில் அதில் வியப்பென்ன? அளவுகோல் கட்டடக்கலைஞரிடம் இருந்தது. நினைவின் அளவு வேறு.

ஈழ இலக்கியம் நடத்தும்போது இந்நூலைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்தோம். உங்கள் வீட்டின் தரைப்படத்தை வரையுங்கள். அளவு வேண்டா, வண்ணம் வேண்டா, மதிப்பெண்ணும் கிடையாது என்றோம். தமிழ் இலக்கிய மாணவர்கள். யாரும் ஓவியம் பயின்றவர்கள் அல்லர். பாதிப் பேர் முதலில் சிரித்தார்கள். பிறகு வகுப்பறை அமைதியாகிவிட்டது.

ஒரு மாணவி பெரிய செட்டிநாட்டு வீடு ஒன்றைத்தான் வரைந்திருந்தாள். ஆனால் கீழிருந்து மேலாக. பின்வாசல், கிணறு, தோய்க்கும் கல், மூன்றாம் கட்டு, அடுப்படி என்று ஒவ்வொன்றும் துல்லியமாக, விறகு அடுக்கும் மூலை உட்பட இருந்தன. இரண்டாம் கட்டோடு கோடுகள் நின்றுவிட்டன. வளவும் முகப்பும் இருக்கவேண்டிய இடம் வெறும் தாள். ஓரத்தில் சிறிய எழுத்தில் 'இங்கே நான் போனதில்லை' என்று குறித்திருந்தாள். அவள் தாய் அவ்வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். இந்தத் தாளுக்கும் போட்டிக்கு வரும் நூறு முகப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அதே வகுப்பில் நகரத்தார் வீட்டுப் பையன் ஒருவனும் இருந்தான். அவன் தாளில் தெளிவான கோட்டால் வரையப்பட்டது ஓர் அறை மட்டுமே. பூட்டு மாட்டிய அறை. வளவு உள்ளிட்ட மற்றவை புள்ளிக்கோடுகள். பல புள்ளிகளுக்குப் பங்குள்ள வீட்டில் அவன் குடும்பத்துக்கு உரியது அந்த ஒன்றே, ஆண்டுக்கொருமுறை திறப்பதாம். வெளியூரார் வியந்து படமெடுக்கும் முகப்பு அந்த வீட்டுப் பிள்ளைக்கும் சொந்தமாக இல்லை. இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லப்போவதில்லை.

இன்னொரு மாணவனின் பெற்றோர் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். அவன் வீட்டைக் கட்டைவிரல் அகலத்தில் மூலையில் வைத்துவிட்டுத் தாள் முழுக்க மூட்டத்தை வரைந்திருந்தான். மறுநாள் அதையே வீட்டிலிருந்து கொண்டுவந்த கரித்துண்டால் பெரிய தாளில் மீண்டும் வரைந்தான். கரி ஓவியம் என்பது உலகமெங்கும் ஓவியப் பள்ளிகளின் முதற்பாடம் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. கடையில் ஓவியக் கரி என்ன விலை என்று கேட்டான், சொன்னோம். தன் வீட்டில் மூட்டைக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவன் சொன்னான். அதற்குமேல் அன்று பாடம் நடக்கவில்லை.

இவையெல்லாம் கலையா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அனுபவம் இருப்பதனாலேயே படம் கலையாகிவிடாது. கை பழக வேண்டும், கண் பழக வேண்டும், பிறர் வரைந்தவற்றைப் பார்த்திருக்க வேண்டும். நாலடி தூரத்தில் சித்தன்னவாசல் இருந்தும் (நாலடி என்பது பேருந்துக் கணக்கில்) அங்கே சென்று வந்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் வரிசை எது என்பதில் நமக்கு மாறுபட்ட கருத்துண்டு. சொல்ல ஒன்று இருக்கிறவன்தான் கையைப் பழக்கிக்கொள்ளத் துடிப்பான். தலைப்பைப் பிறர் தர, இரண்டரை மணி நேரத்தில் வரைந்து முடிக்கும் இளைஞர் விழா 'உடனடி ஓவியம்' கையை மட்டும் பழக்குகிறது. அங்கே வென்று வருகிற மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்: எத்தலைப்புக்கு எந்தப் படம் என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஒருமைப்பாட்டிற்குக் கோத்த கைகள், சுற்றுச்சூழலுக்குப் பூமி உருண்டையின் கண்ணீர்.

தமிழ்நாட்டு ஓவியக் கல்வியின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய பள்ளி, கைவினையும் தொழிற்பயனும் கருதி எழுந்தது. முதல் இந்திய முதல்வராகத் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வர 1929 ஆயிற்று. 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில்தான் 'நாம் யார், நம் கோடு எது' என்னும் கேள்வி மாணவரிடையே கொதித்தெழுந்தது. 1966இல் சோழமண்டலம் உருவாயிற்று; பத்திக் துணி செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியம் வரைந்தார்கள். கோலத்திலும் சுவடி எழுத்திலும் சக்கரத்திலும் அவர்கள் தேடியது ஒரு பொது அடையாளத்தை. இந்தியன் அல்லது தமிழன் என்னும் பெரிய அடையாளத்தை. அந்தத் தேடல் பெரிது. ஆனால் தன் தெரு, தன் அடுப்படி என்னும் சிறிய உண்மைகள் அதற்குள் வர மேலும் காலம் பிடித்தது என்பது எம் கருத்து.

அதே கல்லூரியில் அறுபதுகளில் பயின்ற கீழக்குறிச்சி ஆதிமூலத்தைச் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களும் பத்திரிகைகளுக்காக வரைந்தவையும் பலருக்கு நவீன ஓவியத்தின் முதல் வாசல். அடுத்த தலைமுறையில் கும்பகோணம் கல்லூரியிலும் பிறகு சென்னையிலும் பயின்ற எஸ். இளையராஜா, தச்சுத் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவர். அடுப்படிப் புகைக்கூண்டு வழியாக விழும் ஒளியில் கறுத்த பெண்களை அவர் வரைந்தபோது, வார இதழ் வாசகர்கள் அதைப் புகைப்படம் என்றே மயங்கினார்கள். நுட்பத்தைப் புகழ்ந்தார்கள், நாம் வியந்தது வேறொன்றை. நிறத்துக்காகவே திரைப்படம் ஒதுக்கிவைக்கும் முகங்களைத் தம் சொந்த வீட்டு முகங்களாக அவர் மையத்தில் நிறுத்தினார். 2021 சூனில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. இன்னும் இளம் வயதுதான்.

ஓவியம் கவின்கலை மாணவர்க்கே உரியது என்று நினைப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல். கே.ஜி. சுப்பிரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிக் கதவுகள் அடைபட, 1944இல் சாந்திநிகேதன் சேர்ந்தார். அந்தக் கதவு அடைபடாமல் இருந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல பொருளியல் ஆசிரியர் கிடைத்திருப்பார்.

இவ்வளவும் சொன்னபின், எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தையும் காட்டியாக வேண்டும். இன்று கலைக்காட்சி உலகில் 'உன் அடையாளத்தை வரை' என்பதே ஒரு தலைப்பாகிவிட்டது. 2014இல் கொச்சி பினாலேயோடு மாணவர் பினாலே தொடங்கியதால் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கதவு திறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் என்றால் பறையைத்தான் வரையவேண்டும், இசுலாமிய மாணவி என்றால் முக்காட்டைத்தான் வரையவேண்டும் என்று எதிர்பார்க்கிற கண்கள் இங்கே பெருகிவருகின்றன. ஆச்சியையும் முகப்பையும் எதிர்பார்த்த கண்களுக்கு இவை உறவுக்காரக் கண்களே. எம் தரைப்பட வகுப்பில், ஊரின் ஓரத்துக் குடியிருப்பிலிருந்து வருகிற மாணவன் ஒருவன் வீட்டையே வரையவில்லை. கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடும் திடலை வரைந்து, மட்டையாளர் நிற்கும் இடத்தில் 'நான்' என்று எழுதியிருந்தான். அதில் வலியைத் தேடிய எம் சக ஆசிரியர் ஏமாந்துபோனார். எமக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்திருந்தது. தண்ணீர் வற்றிய கண்மாயில் எத்தனை மாதம் ஆட முடியும் என்று கீழே கணக்கும் போட்டிருந்தான்.

பிறகு அச்சம் என்று ஒன்று இருக்கிறது. 2007 மே மாதம் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில், முதுகலை மாணவர் ஒருவர் தேர்வு மதிப்பீட்டிற்காக வைத்திருந்த படைப்புகள் சமய உணர்வைப் புண்படுத்துவதாகக் கூறி வெளியார் உள்ளே புகுந்தனர். கைதானவர் மாணவர். அதை எதிர்த்து மாணவர்கள் வைத்த காட்சியை மூட மறுத்த புலத்தலைவர் சிவாஜி பணிக்கர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பொதுக்காட்சிக்கு வைத்ததன்று, தேர்வுக்கு வைத்தது என்பதை மறக்கக் கூடாது. 2019 சனவரியில் சென்னை இலயோலா கல்லூரி வளாகத்து விழாவில் வைக்கப்பட்ட ஓவியங்களுக்கு எதிர்ப்பு எழ, கல்லூரி வருத்தம் தெரிவித்தது. இத்தகைய செய்திகளைப் படிக்கிற கல்லூரி முதல்வர்கள், நெகிழி ஒழிப்பே பாதுகாப்பானது என்று முடிவு செய்வதில் வியப்பில்லை. பரோடாவின் மாணவர் வரைந்தது நல்ல படைப்பா, தீய படைப்பா என்று மதிப்பிடும் இடம் தேர்வறைதான். அந்த அறையின் கதவை ஆசிரியர் காக்கவில்லையென்றால் மாணவர் அடுத்த முறை பூமி உருண்டையைத்தான் வரைவார்.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் தலைப்பும் பரிசும் இல்லாத ஒரு காட்சியைக் கல்லூரிகள் வைக்கட்டும். வரைந்தவர் தம் படத்தின் அருகில் நிற்கட்டும், பார்ப்பவர் கேட்கட்டும். பரிபாடலில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்திற்கு வருகிறவர்கள் இவர் யார், அவர் யார் என்று கேட்பதும், உடன் வந்தோர் சொல்வதுமாக ஒரு காட்சி உண்டு. பாடம் நடத்துகிற நாம் அதை உரைநயம் பாராட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். படத்தின் முன் நின்று கேள்வி கேட்கும் பழக்கம் இரண்டாயிரம் ஆண்டு நெருங்கியது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். இங்கே கேட்பதற்கு மண்டபமும் வேண்டா, நடைவழிச் சுவர் போதும்.

தரைப்படத் தாள்களை எம் துறையின் நடைவழியில் ஒட்டலாம் என்று மாணவர்களிடம் கேட்டோம். பெரும்பாலோர் ஒப்பினர். முகப்பு இல்லாத வீட்டை வரைந்த மாணவி மட்டும் வேண்டா என்றாள். அம்மா வேலை செய்த வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சொன்னாள்: 'எல்லாரும் அந்த வெள்ளை இடத்தத்தான் பார்ப்பாங்க ஐயா. நான் கஷ்டப்பட்டு வரைஞ்சது அடுப்படி.' தாளை அவளிடமே கொடுத்துவிட்டோம். மற்றவை ஒரு மாதம் சுவரில் இருந்தன. கரிமூட்டப் படத்தைத் தொட்டுப் பார்த்தவர்களின் விரல்களால் அதன் ஓரங்கள் மங்கிவிட்டன. பூச்சு அடித்து நிலைநிறுத்தலாமே என்றோம். மங்கினால் மறுபடி வரைந்துகொள்ளலாம், வீட்டில் கரி இருக்கிறது என்றான் அவன்.